தங்கத்துரை வீட்டு மணவறையை வெட்டியது தொடர்பாக

என் முழுப்பெயர் அருள்நாயகி ஸ்ரீஸ்கந்தராசா. வயது நாற்பத்து நான்கு. ரொறொன்ரோ, ஸ்காபரோவில், மல்வேர்ன் பகுதியிலுள்ள ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஆறாம் மாடியில் கணவருடன் வசிக்கிறேன். பிள்ளைகள் இல்லை. பேராதனையில் இரசாயனம் படித்துப் பட்டம் பெற்று, கொழும்பில் ஆசிரியையாக இருந்தேன். 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வேலையும் வீடும் இல்லாமற்போய், அடுத்த வருடம் இங்கு வந்தோம். எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் கணவரைப் பற்றிய விடயமாதலால், சொல் பிசகக் கூடாதென்று, தமிழில் சொல்லப் பொலிஸ் அதிகாரியிடம் அனுமதி கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் தமிழில் எழுதிக்கொள்கிறார்.

என் கணவர் ஸ்ரீஸ்கந்தராசா, வயது நாற்பத்தொன்பது, இலங்கையில் கட்டடப் படம் வரைபவராக இருந்தவர். இங்கே, வீட்டுச் சுவர்களுக்குள் குளிர் தாங்குவதற்கு வைக்கும் வெள்ளை றெஜிபோம் நுரைப் பலகைகளை ஏற்றி இறக்கும் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்கிறார். விளிம்பு உடைந்த பலகைகளை அங்கு எறிவார்கள். இரண்டு வருடங்களுக்கு முன்பு அவற்றைக் கேட்டு வாங்கி, நண்பர் ஒருவரின் மகளின் கலியாணத்துக்கு மணவறை செய்து கொடுத்தார். எல்லோரும் பாராட்டினார்கள். அதன் பிறகு ஒவ்வொரு சனி, ஞாயிறும் யாரோ ஒருவருக்கு மணவறை தேவைப்பட்டது.

அவர் வரைவார், நான் வெட்டுவேன். வெட்டும் கருவியை நான்தான் செய்தேன். பாண் வாட்டும் பழைய ரோஸ்ற்றர் ஒன்றின் கம்பியை வளைத்து மரக் கைப்பிடியில் பொருத்தி, விளையாட்டு ரயிலுக்குப் பாவிக்கும் மின்மாற்றியில் இணைத்தேன். கம்பி சூடானதும் றெஜிபோம் வெண்ணெய் போல விட்டுக்கொடுக்கும். அப்போது எழும் புகை எனக்குத் தலையிடியைக் கொடுக்கும். அது என்ன புகை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் சொன்னேன். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். பனி கொட்டும் மாசி மாதத்திலும் அதையே சொன்னார்.

முதலில் முன்னறை நிரம்பியது. பின்பு சாப்பாட்டு மேசை நிரம்பியபடியால் குசினியில் நின்றுகொண்டு சாப்பிட்டோம். பின்பு கட்டிலுக்குக் கீழே றெஜிபோம் தாமரைகள் வந்தன. பலகைகளின் உடைந்த விளிம்புகளிலிருந்து உதிரும் வெள்ளை மணிகள் என் சேலையில் ஒட்டின, தலைமயிரில் ஒட்டின, அரிசி களையும்போது மிதந்தன. பகலில் சமைத்து, துணி தோய்த்து, மிகுதி நேரம் வெட்டினேன். அவர் வேலையால் வந்து சோறு வடித்துவிட்டு, என் பக்கத்திலிருந்து மினுக்கத் தூள் ஒட்டுவார். அப்போது பகிடி சொல்வார், நானும் சிரிப்பேன். அவர் என்னை ஒருபோதும் அடித்ததில்லை. அதிகாரி இதைத் திரும்பத் திரும்பக் கேட்டபடியால் திரும்பவும் சொல்கிறேன்: அடித்ததில்லை.

இந்தப் புரட்டாதியில், பஸ்ஸில் போய்ச் சேரக்கூடிய ஓர் ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குடுவைகள் கழுவுவதற்கு ஆள் தேவை என்று அறிந்து போன் செய்தேன். அங்கே பொறுப்பாக இருக்கும் கிளடிஸ் என்ற பெண் வரச் சொன்னார். கணவரிடம் சொன்னேன். அவர், "ஏனம் கழுவத்தான் போறீர் எண்டால் இஞ்சை குசினியிலை குமிஞ்சு கிடக்கு. அதுக்குப் பட்டமும் தேவையில்லை, பஸ்ஸும் தேவையில்லை" என்றார். முதல் முறை ஒரு மணவறைத் தூண் முறிந்ததால் போகவில்லை. இரண்டாம் முறை தங்கத்துரை என்பவர் தன் மகளின் மணவறையைப் பார்க்க வந்ததால் போகவில்லை. அதன் பிறகு கிளடிஸ், ஒக்டோபர் இருபத்து நான்காம் திகதி சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வராவிட்டால் வேறு ஆளை எடுப்பதாகச் சொன்னார். அன்று மாலைதான் தங்கத்துரையின் மகளின் கலியாணம்.

வெள்ளி இரவு நான் கணவரிடம், "நாளைக்குக் காலமை நான் போகவேணும். நடையை விட்டு வையுங்கோ" என்றேன். எங்கள் வீட்டில் அறைகளிலிருந்து வாசற்கதவுக்குப் போக ஒடுங்கிய நடை ஒன்றே உண்டு. அவர் திரும்பாமல் "ஓம், ஓம்" என்றார். அதன் பிறகு நான் படுத்துவிட்டேன்.

வழக்கமாக மணவறையின் முதுகுப் பலகையை மூன்று துண்டுகளாகக் கொண்டுபோய் மண்டபத்தில் ஒட்டுவோம். இந்த முறை மண்டபத்தில் நேரம் குறைவு என்று அவர் வீட்டிலேயே ஒட்டியிருக்கிறார். முழுதாக நிறுத்த நடையைத் தவிர வேறு இடம் இருக்கவில்லை. காலையில் நான் முகம் கழுவிக்கொண்டு வந்தபோது நடை இருக்கவில்லை. சுவருக்குச் சுவர், முகட்டுக்குச் சற்றுக் கீழ் வரை, பலகை நின்றது. அதன் பின்பக்கம் என்னைப் பார்த்திருந்தது. அதில் அவருடைய பென்சில் கோடுகள் இருந்தன. அவர் அப்பால் சப்பாத்துப் போடும் சத்தம் கேட்டது.

"பசை காயேல்லை. மத்தியானம் மட்டும் ஒருதரும் தொடக்கூடாது" என்றார். அவரைத் தவிர வீட்டில் நான் மட்டுமே இருந்தேன்.

"நான் ஒன்பது மணிக்குப் போகவேணுமெல்லே" என்றேன்.

"இண்டைக்கே?" என்றார். அதன் பிறகு கதவு சாத்தப்பட்டது. பூட்டும் சத்தம் கேட்கவில்லை. மணவறையை ஏற்றத் தங்கத்துரையின் வான் வண்டியைக் கொண்டுவரப் போயிருந்தார்.

கையால் மெதுவாகத் தள்ளிப் பார்த்தேன். ஒட்டு அசைந்தது. இன்னும் தள்ளினால் முழுவதும் விழும் என்று கண்டு விட்டுவிட்டேன். தொலைபேசி வாசற்கதவடியில், பலகைக்கு அப்பால் இருந்தது. அதன் பிறகு கட்டடத்தின் தீ அலாரம் அடித்தது. யாராவது பாண் கருக்கினாலும் எங்கள் கட்டடத்தில் அது அடிக்கும். நான் பல்கனிக்குப் போய்க் கீழே பார்த்தேன். சனங்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார்கள். கட்டட மேற்பார்வையாளர் பேனாட் சிகரெட்டுடன் மேலே பார்த்து, ஒன்றுமில்லை என்று கையை அசைத்தார். சிறிது நேரத்தில் அலாரம் நின்றது.

அதன் பிறகு நான் உள்ளே வந்து கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்தேன். அதன் பிறகு குசினியிலிருந்து வயர் இழுத்து, மின்மாற்றியைப் பொருத்தி, கம்பி சூடாகும் வரை காத்திருந்தேன். கத்தியால் வெட்டினால் மணிகள் பறந்து வீடு முழுக்கக் கூட்டவேண்டி வரும். பலகையின் இரு ஓரங்களும் தூண்களோடு தடிப்பானவை, நடுப்பகுதிதான் மெல்லியது. நடுவில் மறுபக்கம் மயில் இருந்தது. அதன் ஒவ்வொரு இறகையும் ஒட்டியவள் நான் என்பதால் எங்கே கழுத்து, எங்கே தோகை என்று பார்க்காமலே தெரியும். அது அழகான மயில். கழுத்துக்குக் குறுக்கே வெட்டி, இரண்டு பக்கமும் நிலம் வரை இறக்கி, வெட்டிய துண்டை எடுத்துக் கதவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, குனிந்து வெளியே வந்தேன். கதவு பூட்டப்பட்டிருக்கவில்லை.

பஸ் எடுத்துப் போனேன். கிளடிஸ் என் தலைமயிரிலிருந்து வெள்ளை மணி ஒன்றை எடுத்து, பனியா என்று கேட்டார். கலியாண வீட்டு வேலை என்றேன். ஒரு குடுவையைத் தந்து கழுவச் சொன்னார். கழுவி, நீர் துளித்துளியாக ஒட்டி நிற்காமல் ஒரே படலமாக வடிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திங்கட்கிழமை வரச் சொன்னார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது கணவரும் தங்கத்துரையும் எங்கள் வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். தங்கத்துரை, "பின்னேரம் என்ரை பிள்ளை உதிலை இருக்கவேணும். மயிலின்ரை கழுத்தை ஆர் அண்ணை வெட்டினது?" என்றார். கணவர், "கெமிஸ்ட்ரி படிச்ச ஆள் வெட்டினது. அதுதான் கோடு இவ்வளவு நேராய் இருக்கு" என்றார். அதன் பிறகு தங்கத்துரை அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்தார். பேனாட் பொலிசை அழைத்தது அப்போதுதான்.

பொலிசார் வருமுன் கணவர் என்னைக் குசினிக்குக் கூட்டிப்போய், "இஞ்சருமப்பா, அலாரம் அடிச்சது, பயந்துபோய் வெட்டினன் எண்டு சொல்லும். ஒருதரும் ஒண்டும் சொல்லமாட்டினம்" என்றார். என்னைக் காப்பாற்றவா, தன்னைக் காப்பாற்றவா அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

பொலிசார் நிற்கும்போதே பேனாட் அளவு நாடாவைக் கொண்டுவந்து வாசலை அளந்தார். பலகை வாசலைவிட அகலம், நடைக்குள் திருப்பவும் இடமில்லை. முழுதாக இருந்திருந்தாலும் வீட்டை விட்டுப் போயிருக்காது. மண்டப மேடையை அளந்த கணவர் எங்கள் வாசலை அளக்கவில்லை. தங்கத்துரை தலையில் கை வைத்து, "தங்கச்சி வெட்டாட்டில் நாங்களெல்லோ வெட்டியிருக்கவேணும்" என்றார். இதுவும் எனக்குச் சாதகமாகச் சொல்லப்படலாம். ஆனால் வெட்டும்போது இது எனக்குத் தெரியாது.

அதன் பிறகு எங்கள் இருவரையும் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிவந்தார்கள். கணவர் உங்களை அடைத்து வைத்தாரா என்று அதிகாரி கேட்டார். அவர் பூட்டவில்லை. நான் போகவேண்டும் என்று அவருக்குத் தெரியும். வேண்டுமென்று வைத்தாரா, நினைக்காமல் வைத்தாரா என்பது அவர் மனதில் இருப்பது, அதை என்னால் சொல்ல முடியாது. அவர்மேல் நான் வழக்குக் கேட்கவில்லை. வெட்டிய துண்டு பழுதில்லாமல் இருக்கிறது, ஒட்டினால் கலியாணத்தில் ஒருவருக்கும் தெரியாது. அதை ஒட்டத் தெரிந்தவர் அவர் ஒருவரே என்பதால், நேரத்துடன் அவரை விடும்படி கேட்கிறேன். நான் ஒட்டப் போகவில்லை.

இன்றிரவு தங்க வேறு இடம் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், என் உடுப்புகள் அந்த வீட்டில்தான் இருக்கின்றன. திங்கட்கிழமை காலை அந்த நடையால்தான் வேலைக்குப் போகவேண்டும். அப்போது அதில் எது நின்றாலும் வெட்டுவேன் என்றேன். இதையும் எழுதவேண்டுமா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். எழுதச் சொன்னேன்.

இவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. மொழிபெயர்ப்பாளர் நல்லெண்ணத்தில் ஓரிடத்தில் "அலாரத்துக்குப் பயந்து" என்று சேர்த்திருந்தார். நான் பேனையை வாங்கி அந்தச் சொற்களை வெட்டி, பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்தை இட்டேன். அலாரம் நின்ற பிறகே கம்பியைச் சூடாக்கினேன். வெட்டியது போக மீதி முழுவதும் நான் சொன்னபடியே உள்ளது, உண்மையானது.

(ஒப்பம்) அருள்நாயகி ஸ்ரீஸ்கந்தராசா
ஸ்காபரோ, 24 ஒக்டோபர் 1987