ஊறுகாயில் பிழையில்லை

அவைக்குத் தலைமை தாங்கி, அரைக்கண்ணால் என்னை முறைத்துக்கொண்டிருக்கும் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் கிறிஸ்துநாயகம் அண்ணை அவர்களே! கோவில் முற்றத்தைக் கொடுத்துதவிய பங்குத்தந்தை அவர்களே! எங்கள் வாய்களைப் பரிசோதிக்க வட்டுக்கோட்டையிலிருந்து வெயிலில் சைக்கிள் உழக்கி வந்திருக்கும் டொக்டர் பத்மாசினி அம்மா அவர்களே! அலையோடு மல்லுக்கட்டி நரைத்த பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்த அன்னையர்களே! குருநகர்க் கரையின் இளைஞர்களே! சங்கச் செயலாளன் வின்சன்ற் உங்களை வணங்குகிறேன்.

ஒலிபெருக்கிக்கு மின்சாரம் இல்லை. இந்தத் தொண்டைதான் இன்றைய ஒலிபெருக்கி. பின்வரிசைக்குக் கேட்கிறதா?

"ஓம், கேக்குது! கதையுங்கோ அண்ணை!"

நல்லது. தலைவர் முறைப்பதற்குக் காரணம் உண்டு. மேடையேறியதும் அவர் வெற்றிலைத் தட்டத்தை நீட்டினார். நான் தள்ளிவைத்தேன். "என்னடாப்பா, தட்டத்தைத் தள்ளுறாய்? எங்களோடை கோவமோ?" என்று காதுக்குள் கேட்டார். கோபமில்லை, அண்ணை. பயம்! ஏன் பயம் என்பதை இந்த மேடையைவிட்டு இறங்குவதற்கு முன் சொல்லிவிடுவேன்.

நாங்கள் பயத்துக்குப் பழகிய சனங்கள். விமானம் வந்தால் இரைகிறது. ஷெல் வந்தால் கூவுகிறது. சத்தம் கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் பாய்கிறோம். ஆனால், சபையோரே! சத்தமே போடாமல், சதைக்குள்ளே, சாவு ஒன்று முளைவிட்டால், எந்தக் குழிக்குள் பாய்வீர்கள்? எந்த மண்மூட்டை உங்களைக் காக்கும்?

கிறகோரியைத் தெரியாதவர் இங்கே உண்டா?

"ராசா வேசக் கிறகோரி!"

ஓம், அதே கிறகோரி. திருநாள் கூத்தில் அவன் பாட எழுந்தால் கடலும் கொஞ்சம் அடங்கிக் கேட்கும் என்று பெருமை பேசுவோமே, அவன்தான். அவனுடைய மனைவி லூர்த்தம்மா முன்வரிசையில் இருக்கிறார். "சொல்லுங்கோ அண்ணை, நாலு பேர் தப்பட்டும்" என்று நேற்று எனக்கு அனுமதி தந்தவர் அவர். தாயே, உங்கள் நெஞ்சுரத்துக்கு இந்தச் சபை தலைவணங்குகிறது.

நானும் அவனும் இருபது வருடம் ஒரே வள்ளத்தில் போனவர்கள். கடற்காற்றில் சுருட்டுப் பற்றாது. ஆகவே வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, அதற்குமேல் ஒரு துண்டுப் புகையிலை. எல்லாவற்றையும் இடது கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு வலை இழுப்போம். கரைக்கு வந்தும் துப்பமாட்டோம். சில நாட்களில் அதோடேயே நித்திரையாகிவிடுவோம்.

ஒருநாள் கூழ் குடிக்கும்போது அவனுக்குக் கன்னம் எரிந்தது. "எடியே, உறைப்பைக் குறை" என்றான். லூர்த்தம்மா மிளகாயைக் குறைத்தார். பிறகு புளி எரிந்தது, புளியை விட்டான். தோடம்பழம் எரிந்தது, தோடம்பழத்தை விட்டான். தக்காளி எரிந்தது; தக்காளியை விட்டான். முருங்கையிலை உரசுகிறது என்று அதையும் விட்டான். மிஞ்சியது வெறுங்கஞ்சி. கஞ்சியும், கன்னத்துப் புகையிலையும்!

புகையிலையை ஏன் விடவில்லை? ஏனென்றால் அது ஒன்றுதான் அவனுக்கு எரியவில்லை! நோவை விறைக்க வைத்தது. "உதுதான்ரா எனக்கு மருந்து" என்று என்னிடம் சொன்னான். நானும் ஓம் என்றேன். ஓம் என்றதோடு நின்றேனா? என் மடியில் இருந்த துண்டையும் எடுத்துக் கொடுத்தேன். எரிகிறதையெல்லாம் விட்டான், எரிக்கிறதை விடவில்லை. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அந்த வருடத் திருநாளில் ராசா வேடத்தோடு மேடையில் நின்றான். பாட்டு வரவில்லை. பாட்டு மறந்துபோச்சு என்று சிரித்தோம். நானும் சிரித்தேன். மறக்கவில்லை, ஐயா! இரண்டு விரல் அளவுக்கு மேல் அவன் வாய் திறக்கவில்லை! அதன்பிறகுதான் வைத்தியரிடம் போனான். கழுத்தில் கட்டி வந்துவிட்டது. கிளாலிக் கடலைக் கடந்து, சோதனைச் சாவடிகளைக் கடந்து தெற்கே போய்ச் சேர்ந்தபோது, "கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே" என்றார்களாம். நாலு மாதத்தில் அடக்கம் செய்தோம்.

இது எப்படி வருகிறது? டொக்டர் அம்மா எனக்கு விளங்கப்படுத்தியதை உங்களுக்கு வலையில் வைத்துச் சொல்கிறேன். எங்கள் உடம்பு பொடிப்பொடியான கண்ணிகளால் ஆன வலை. நாளுக்கு நாள் அறும். நாளுக்கு நாள் உடம்பே அறுந்ததை முடிந்து பொத்தும். ஆனால் ஒரே இடத்தில், இருபது வருடம், ஒவ்வொரு நாளும் அறுத்தால்? பொத்துகிற கை ஒருநாள் பிழைவிடும். பிழையான கண்ணியிலிருந்து இன்னொரு பிழையான கண்ணி. அதிலிருந்து இன்னொன்று. நிறுத்து என்றால் நிற்காது, போதும் என்றால் கேட்காது! அதுதான் புற்றுநோய். முதலில் ஒரு வெள்ளைத் தழும்பு, அல்லது சிவப்புத் தழும்பு. அநேகமாக நோகாது. அந்த நேரத்தில் பிடித்தால் வழி உண்டு. விட்டால் புண்ணாகும், கட்டியாகும், கழுத்துக்கு இறங்கும்.

பொத்துவதற்கு நூல் வேண்டாமா? அந்த நூலைத் தருவதுதான் கீரையும் பழமும் மீனும். கிறகோரி செய்த பிழை விளங்குகிறதா? அறுக்கிறதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, பொத்துகிற நூலைச் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தள்ளிவிட்டான்!

"அப்ப கீரையும் தின்டு, புகையிலையும் போடலாமோ அண்ணை?"

சிரிக்காதீர்கள், நல்ல கேள்வி. கூடாது தம்பி! ஒரு கையால் பொத்தி, மறு கையால் கிழித்தால் வலை மிஞ்சுமா? கீரை தின்றால் இந்த நோய் வரவே வராது என்றும் நான் சொல்லவில்லை. முதலில் துப்பு. பிறகு தின்னு. கிடைக்காத அப்பிள் பழத்தையா தின்னக் கேட்கிறேன்? சண்டையைச் சொல்லி அரசாங்கம் போட்டது சவர்க்காரத்துக்குத் தடை, மண்ணெண்ணெய்க்குத் தடை, பற்றறிக்குத் தடை. வேலியில் நிற்கும் முருங்கைக்கு யார் தடை போட்டார்கள்? கிணற்றடி வல்லாரைக்கு யார் தடை போட்டார்கள்? பப்பாப்பழத்தைக் காகம் கொத்துகிறது, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது, அண்ணை, அந்தத் தட்டத்துக்கு வருகிறேன்.

யசிந்தா! என் வீட்டுக்காரியே, நீ மூன்றாவது வரிசையில் இருக்கிறாய். உன்னைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாமல்தான் ஊரைப் பார்த்துச் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் நீ தேசிக்காய் ஊறுகாய் வைத்தாய். "என்னடி ஊறுகாய் இது, வாயெல்லாம் வேகுது" என்று நான் கோப்பையைத் தள்ளினேன். நீ சாடியைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாய். அடுத்த கிழமையிலிருந்து புளியைக் குறைத்தாய். பிறகு மிளகாயை நிறுத்தினாய். நான் தோடம்பழத்தை விட்டேன். புகையிலையை விடவில்லை. கிறகோரியைக் குழிக்குள் இறக்கிய இந்தக் கைகளால், கிறகோரி போட்ட அதே துண்டை, அதே கன்னத்துக்குள் வைத்தேன்!

நேற்றுக் காலை முகம் வழிக்கும்போது கன்னத்தை விரித்துப் பார்த்தேன். நகமளவு ஒரு வெள்ளைத் தழும்பு. துடைத்தேன், போகவில்லை. மறுபடி துடைத்தேன், போகவில்லை.

உன்ரை ஊறுகாயில் பிழையில்லை, யசிந்தா. பிழை என்ரை கன்னத்துக்குள் இருந்தது.

"ஐயோ, என்னப்பா சொல்லுறீங்கள்?"

இரு, யசிந்தா. எழும்பாதை. லூர்த்தம்மா, பின்னுக்குப் போய் அவளுடைய கையைப் பிடித்துக்கொள்ளுங்கோ. இது புற்றுநோய் என்று யாரும் சொல்லவில்லை. எல்லா வெள்ளைத் தழும்பும் புற்றுநோய் இல்லையாம். அதுவோ, இதுவோ, எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் பயப்படுகிறேன். நேற்று முழுக்க அந்தப் பயம், யாருக்கும் காட்டாதே, வாயை மூடு என்றது. கிறகோரிக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கும்.

நான் மூடப்போவதில்லை! இன்றைய வாய்ப் பரிசோதனையில் முதல் பெயர் என்னுடையது. டோர்ச் அடிக்கப் பற்றறி இல்லை என்று டொக்டர் அம்மா கவலைப்பட்டார். பத்து மணி வெயிலுக்குத் தடை இல்லை, அம்மா. சலூன்காரத் தம்பி கண்ணாடி கொண்டுவந்திருக்கிறார். தலைவர் அண்ணை, தட்டத்தைக் கீழே வையுங்கோ. இந்தக் கண்ணாடியைப் பிடித்து, வெயிலை என் வாய்க்குள் விழுத்துங்கோ.

இவ்வளவு நேரம் வெயிலில் இருந்து கேட்ட பெரியோருக்கும் தாய்மாருக்கும் என் நன்றி. மடிக்குள் இருக்கும் புகையிலையை எடுத்து எறிந்துவிட்டு எனக்குப் பின்னால் வரிசையில் வந்து நில்லுங்கள். உங்கள் எல்லோருக்கும் வணக்கம். டொக்டர் அம்மா, இடது பக்கம், உள்ளே. பாருங்கோ.