விரிசலுக்குப் பட்டி பார்த்தது நான்தான்

வயது முப்பத்தொன்று. தொழில், சுவரில் படம் வரைவது. குடியிருப்பது அக்கா வீட்டு மாடி அறையில். பெயரைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உடன் வேலை செய்பவர்கள் என்னைப் ‘பட்டி’ என்று கூப்பிடுவார்கள், பட்டி பூசி மழமழவென்று தேய்க்காமல் எந்தச் சுவரிலும் நான் தூரிகை வைக்கமாட்டேன் என்பதால். யாரும் மிரட்டி வரவில்லை. பயந்துபோய் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறேன்.

மூடிக் கிடந்த சோப்பு ஆலையை, இடிப்பதற்கு முன் ஆறு மாதம் கலைஞர்கள் பயன்படுத்திக்கொள்ள உரிமையாளர் விட்டிருந்தார். கீழ்த்தளத்துக் கிழக்குச் சுவர் எனக்குக் கிடைத்தது. அதன் மறுபக்க அறையில் அக்கா நாடகங்களுக்கு உடை தைத்தாள். அந்த அறையை அவளுக்குக் கேட்டு வாங்கிக் கொடுத்தவள் நான்.

முதல் நாள் பார்த்தபோது சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசலும், அதன் குறுக்கே சாந்து வைத்து ஒட்டிய விரல் நீளக் கண்ணாடித் துண்டுகள் சிலவும் இருந்தன. யாரோ கண்ணாடி பதித்துப் படம் செய்யத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டதாக நினைத்தேன். முடிக்காத வேலையின் மேல் வரைவதென்றால் மூன்று நாள் எல்லோரிடமும் கேட்க வேண்டும் என்பது எங்களுக்குள் வழக்கம். கேட்டேன். யாரும் என்னுடையது என்று வரவில்லை. அதன் பிறகு அக்கா பார்த்திருக்க அவற்றை உளியால் பெயர்த்துக் குப்பையில் போட்டு, விரிசலைப் பட்டியால் அடைத்தேன். சுவர் நகர்ந்தால் உடைந்து காட்டுவதற்காக, ஆலைக் கட்டடத்தைச் சோதித்த பொறியாளர் ஒட்டிவைத்த கண்ணாடி அது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதன் பிறகு நான்கு நாளில் விரிசல் மறுபடி வாய் திறந்தது. பட்டி சரியில்லை என்று மறுபடி அடைத்தேன். மறுபடியும் திறந்தது. “என்னடி, உன் படத்துக்கு நான்தான் தையல் போடணும் போலிருக்கே” என்று அக்கா கிண்டல் செய்தாள். அவள் போன பிறகு சுவரில் காதை வைத்தேன். உள்ளே மணல் உதிரும் சத்தம் கேட்டது. ஆனாலும் ஞாயிறன்று பார்வையாளர்கள் வருகிறார்கள் என்பதால் யாரிடமும் சொல்லாமல் அடைத்து, மேலே வண்ணம் பூசினேன்.

அதன் பிறகு வெள்ளி காலை பதினோரு மணிக்கு நான் தேநீர் வாங்கப் போயிருந்தபோது சுவர் அக்காவின் பக்கமாகச் சரிந்தது. உயிர் தப்பினாள். வலது கையை முழங்கைக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

கண்ணாடி ஒட்டவே இல்லை என்று பொறியாளரைக் கைது செய்தார்கள். நேற்று மருத்துவமனைக்கு வந்த காவல் அதிகாரியிடம் அக்கா, “கண்ணாடி கிண்ணாடி ஒண்ணும் இல்ல சார், நான் தினம் பார்த்த சுவருதானே” என்றாள். அவர் போன பிறகு என்னிடம், “வாயைத் தொறக்காதடி. போனது என் கை. நீயும் உள்ள போயிட்டா எனக்கு யாரு இருக்கா?” என்றாள்.

இதைச் சொல்லும்போது அடுத்த அறையில் பொறியாளர், “என் கையால ஒட்டினேன் சார்” என்று யாரிடமோ சொல்வது கேட்கிறது. அவர் சொல்வது உண்மை. அக்கா சொன்னது பொய். கையெழுத்துப் போட முடியாத அவளுடைய இடது பெருவிரலைப் பிடித்து, மையில் தொட்டு, அவள் சொன்னதை அதிகாரி எழுதிய தாளில் அழுத்தியது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே, உண்மையாகவே இருக்கிறது.

(ஒப்பம்)