கடைசிக்கு முந்தின படகு

— முதல்ல இந்தத் துண்டை வாங்கித் தலையைத் துவட்டு, யாரினா. கடைசிக்கு முந்தி வந்தது போதும், ஜுரத்தையும் சேத்து வாங்கிட்டுப் போகவேணாம்.

— அப்பா, ஒரு நிமிஷம், நான் சொல்றதக் கேளுங்க…

— நீ ஒண்ணும் சொல்லவேணாம். கரையில நின்னு பந்தயத்தை நானே பாத்தேன். ஊரே பாயை விரிச்சுக்கிட்டு முன்னால போகுது. நீயும் அந்த டென்மார்க் பொண்ணும் மட்டும் சந்துல எதிரெதிரா மாட்டிக்கிட்ட மாதிரி, அவ இந்தப் பக்கம்னா நீயும் இந்தப் பக்கம், அவ அந்தப் பக்கம்னா நீயும் அந்தப் பக்கம். பக்கத்துல நின்ன ஒடெஸாக்காரன், யாரு பெத்த பொண்ணு இதுன்னு கேட்டான்.

— என்ன சொன்னீங்க?

— தெரியாதுன்னுட்டேன். அப்பறம் மனசு கேக்கல. திரும்பிப் போய், என் பொண்ணுதான், உனக்கென்னன்னேன். கை நெறைய சூரியகாந்தி விதை குடுத்தான், துக்கம் விசாரிக்கிற மாதிரி.

— அப்பா…

— தெரியும்டி. இந்த ஐரோப்பாப் போட்டியில தங்கம் இல்லேன்னா படகை வித்துட்டுக் கப்பல் பட்டறை ஆபீஸ்ல உக்காந்துடுறேன்னு அம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கே. விக்காதே.

— என்னது?

— விக்காதேங்கறேன். அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். அடி விழுந்தா என் முதுகுலதான விழும், அதுக்குப் பழக்கம்.

— இந்தப் படகை எப்ப விறகாக்கப் போறேன்னு வருஷா வருஷம் கேட்டது யாரு?

— நான்தான். கப்பலுக்கு இரும்பு பத்தவைக்கிறவன். துணியில ஓடுறதையெல்லாம் படகுன்னு ஒத்துக்க மனசு வரல. சின்னதுல பூக் ஆத்துல நீ கவுந்தே. தூக்கிவிட வந்த மோட்டார் படகை வெரட்டிட்டு நீயே நிமித்தினே. எனக்கு அன்னிக்கே ஒறைச்சிருக்கணும். போலந்துல வெள்ளி, ஸ்பெயின்ல வெள்ளி. உருக்கி ஸ்பூன் பண்ணலாமான்னு கேட்டுட்டு, ராத்திரி பூரா அதைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுக் கெடந்தேன். கேளு. நீ கடைசியா வா, கவுந்து போ, காத்தில்லாம நடுக்கடல்ல நில்லு. ஆனா நீ கடல்லதான் இருக்கணும். போதுமா? அழவைக்காதே, ஒடெஸாக்காரன் பாக்குறான்.

— இன்னொரு தடவை சொல்லுங்க.

— எதை?

— கடைசியா சொன்னதை.

— நீ கடல்லதான் இருக்கணும்.

— சரி, இப்ப நான் சொல்லட்டுமா? இன்னிக்கு நான் முதல்ல வரவேண்டிய அவசியமே இல்ல. வாரம் பூரா சேத்த புள்ளியில நான்தான் மேல. என்னைத் தாண்ட அந்த டென்மார்க் பொண்ணு ஒருத்தியாலதான் முடியும், அதுவும் இன்னிக்கு முதல் நாலு பேருக்குள்ள வந்தாத்தான். அதனால அவ பாய்க்கு வர்ற காத்தை மறிச்சு, அவளையும் இழுத்துக்கிட்டுக் கடைசிக்குப் போயிட்டேன். தங்கம் நமக்குத்தான்ப்பா. நீங்க பேசுறதை நிறுத்திடப் போறீங்களேன்னுதான் வாயை மூடிக்கிட்டு நின்னேன். கோவமா? ஏன்ப்பா சிரிக்கிறீங்க?

— அவ காத்தை நீ மறிச்சப்பவே நானும் புள்ளியைக் கூட்டிப் பாத்துட்டேன், கண்ணு. படகை விக்காதேன்னு ஜெயிச்சவகிட்ட சொன்னா, தங்கத்தைப் பாத்துக் கிழவன் கொழையிறான்னு நெனைச்சிருப்பே.