நான் வெட்டாமல் விட்ட கம்பி

அவையை நடத்தும் தலைவர் அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, கடைசி வரிசையில் கைப்பேசியோடு போராடும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

எனக்கு மேடை பழக்கமில்லை. எழுதிவந்த காகிதத்தைப் பார்த்துத்தான் பேசுகிறேன். 'சத்தமாப் பேசுங்க ஐயா' என்கிறீர்களா? பேசுகிறேன் அம்மா. நம் இணையம் போலத்தான் என் குரலும், மெல்லத்தான் வரும்.

அந்த இணையம் நத்தையாய் நகர யார் காரணம்? தொலைபேசி லைன் பார்க்க வரும் பெண்தான் என்று சொல்லி, அவரை வேலையிலிருந்து நீக்கக் கோரும் தீர்மானத்தில் கையெழுத்திடப் போகிறோம். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடலாமா? காரணம் கேளாமல் கையெழுத்திடலாமா?

இந்தத் தெருவின் பழைய லைன்மேன் நான். மாடிக்கு இன்னொரு தொலைபேசி கேட்டால், செம்புக் கம்பியில் ஒரு கிளை இழுப்பேன். பிறகு வேண்டாம் என்றால் தொலைபேசியைக் கழற்றுவேன், கம்பியைக் கழற்றமாட்டேன். 'திரும்பவும் கேப்பாங்க, இருக்கட்டும்.' எங்கள் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். பேச்சுக்கு அதனால் கேடில்லை. அதே கம்பியில் வரும் இணையத்துக்கு? முட்டுச்சந்தில் புகுந்த வண்டிபோல, சிக்னல் அந்தக் கிளைக்குள் போய், முட்டி, திரும்பி, பின்னால் வருவதோடு மோதுகிறது!

நேற்று என் வீட்டில் அப்படி வாலாய்த் தொங்கிய கிளையை வெட்டப் போனேன். மருமகள் பதறினாள்.

"மாமா, நாளைக்கு எனக்கு இன்டர்வியூ. இருக்கிறதும் போச்சுன்னா?"

"போனா என்னைத் திட்டும்மா."

"திட்டினா லைன் வந்துடுமா?"

சிரிக்கிறீர்கள்; எனக்கு வியர்த்துவிட்டது. நான்கு முறை சரிபார்த்தேன். ஐந்தாம் முறை வெட்டினேன். மூன்று காட்டிய வேகம் பதினொன்று காட்டியது! இன்று காலை திரையில் அவள் முகம் ஒருமுறைகூட உறையவில்லை.

லைன் பார்க்கும் பெண்ணுக்கு வாசல் பெட்டிவரைதான் வேலை. உள்ளே நான் விட்டுப்போன வால் அவருக்கு எப்படித் தெரியும்? என் பழைய குறிப்பேட்டில் நான் கிளை இழுத்த இருபத்தாறு வீடுகள் இருக்கின்றன. எல்லா வீட்டிலும் பலிக்குமா? தெரியாது, அந்த அச்சத்தில்தான் நிற்கிறேன். அதைவிடப் பெரிய அச்சம், வெட்டவேண்டிய கம்பியை விட்டுவிட்டு ஒருவர் பிழைப்பை வெட்டிவிடுவோமோ என்பது.

ஒரு வாரம் பொறுங்கள். நாளைக் காலை முதல் வீடு வீடாக வந்து அந்த வால்களை வெட்டுகிறேன். அதன்பிறகும் தீர்மானம் வேண்டுமானால், அதில் அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. கம்பியை வெட்டாமல் விட்ட இந்தக் கைகளையே கூப்புகிறேன். வணக்கம்.