முந்நூறு கதிரை, நூறு இலத்திரன்

அவையை அலங்கரிக்கும் தலைவர் சாமித்தம்பி ஐயா அவர்களே! தேற்றாத்தீவிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த பெரியோர்களே! அடுப்பை அணைத்த கையோடு வந்த தாய்மார்களே! காத்தான்குடியிலிருந்து என்னோடு ஓட்டோவில் நெருக்கியடித்து வந்த உறவுகளே! உங்கள் அனைவருக்கும் இன்ஷிராவின் ஸலாமும் வணக்கமும்!

வாசலில் நூலகச் செயலாளர் சுதாகரன் என்னிடம் ஒரு செய்தி சொன்னார். "கோவிக்காதீங்க மிஸ். முந்நூறு கதிரை போட்டம், நூறு பேர்தான் வந்திரிக்காங்க. இந்த மாதாந்த அறிவியல் கூட்டத்த இண்டையோட நிப்பாட்டப் போறம்."

பத்தாம் வகுப்பில் இதே மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்து கேட்டவள் நான். அன்றைக்கு வந்தவர்கள் பதினொரு பேர். அந்தப் பதினொன்றில் ஒருத்திதான் இன்று இலத்திரன் என்னும் எலக்ட்ரானை ஆராய்கிறாள்!

நிறையாத மண்டபம் தோற்ற மண்டபமா? இலத்திரனைக் கேட்போம், வாருங்கள்!

மெல்லிய தளம் ஒன்றில் இலத்திரன்களை அடைத்து, கடுங்குளிரில் வைத்து, வலிய காந்தப்புலம் கொடுப்போம். அந்தப் புலம்தான் அவற்றுக்குக் கதிரை, அதாவது அமரும் இடம், போடுகிறது. புலம் கூடினால் கதிரையும் கூடும். கதிரைகளில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிறைந்தால்? முண்டியடிக்குமா? மூலைக்கொன்றாய் முடங்குமா? இல்லை! ஒன்றையொன்று தள்ளும் அந்த இலத்திரன்கள், ஒன்றுக்கொன்று இடம்விட்டு, எல்லாம் சேர்ந்து ஒரே கூட்டாய் ஆடும். அப்போது ஒரு கதிரையைக் கூடுதலாகப் போட்டுப் பாருங்கள். அங்கே பிறக்கும் வெற்றிடத்தின் அளவு ஒரு முழு இலத்திரன் அல்ல, அதன் மின்னேற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு! எவராலும் உடைக்க முடியாத இலத்திரன், உடையாமலே பங்கு காட்டுகிறது. கதிரையெல்லாம் நிறைந்திருந்தால் இந்த அதிசயம் நடக்காது!

இப்போது உங்களைப் பாருங்கள். நம் செட்டிபாளையத்து வழக்கம் எனக்குத் தெரியாதா? ஆளுக்கொரு கதிரை, கைப்பைக்கொரு கதிரை, குடைக்கொரு கதிரை! நூறு பேர், முந்நூறு கதிரை. எங்கே ஐயா வெறுமை?

என்னம்மா? "குடைய எடுக்கவா மகள்?" என்று மூன்றாம் வரிசைச் சின்னத்தங்கம் அம்மா கேட்கிறார். எடுக்காதீங்கம்மா! அந்தக் குடைதான் என் சாட்சி!

தலைவர் அவர்களே, பதினொரு பேருக்கு நடந்த கூட்டம் நூறு பேருக்கு நடக்கக் கூடாதா? அதோ, கடைசி வரிசையில் பள்ளிச் சீருடையோடு ஒரு பிள்ளை குறிப்பெழுதிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் போய், கூட்டம் முடிந்துபோயிற்று என்று யார் சொல்வது? நான் சொல்ல மாட்டேன். ஒலிவாங்கியை உங்களிடமே நீட்டுகிறேன்.

"ஓம் மகள், நடத்துவம். சுதாகரன், கதிரையில ஒண்டையும் குறைக்காத!"

தலைவர் சொன்னதைக் கேட்டீர்களா? இந்தச் சொல்லுக்காகத்தான் இவ்வளவு நேரம் தொண்டை கிழியப் பேசினேன். இருந்து கேட்ட நூறு பேருக்கும், இடம்பிடித்துத் தந்த நூறு குடைக்கும் என் நன்றி, வணக்கம், ஸலாம்!