நடுச்சுவரில் ஈரம்

ஹலோ… ஆரு? ஹாரிகாவா? இதேன் கண்ணு, நடுச்செவுத்துக்கு அக்கட்ட இருந்துட்டு போன்ல கூப்படறே? ரெண்டு தட்டுத் தட்டினாக் கேக்குமே… ஆமா ஆமா, அண்ணந்தம்பி பாகம் பிரிச்ச அன்னைக்கிருந்து உனக்கும் எனக்கும் பேச்சு இல்லைதான். அதை நானா ஆரம்பிச்சேன்?… சரி, சொல்லு. கல்யாண ஊடு, ஆயிரம் வேலை கெடக்குது.

…ஆரு வந்திருக்கறாங்க?… வின்ஸ்டனா?… பூஞ்சை எடுக்கற ஆளா! அதுக்குக்கூட ஆளு இருக்குதா?… சூலூர்ல இருந்து கார் போட்டுட்டு வந்திருக்கறாரா. போன்ல தேடிப் புடிச்சியாக்கும். சமத்துதான் போ. நாங்கெல்லாம் பிளீச்சிங் பவுடரைப் போட்டுத் தேச்சுப்போட்டு வேலையைப் பார்ப்போம்… தேச்சியா?… மூணு வாட்டியா?… அப்பறமும் கருகருன்னு வந்திருச்சா. அட பாவமே.

…ம்… ம்… மிசினை வெச்சுப் பார்த்தாரா. ஈரம் எங்கிருந்து வருதாம்?… என்ற பாத்ரூம்ல இருந்தா!… செவுத்துக்குள்ள போற பைப்பு கசியுதா. சரி, அதுக்கு?… என்ற பக்கம் நாலு டைல்ஸை ஒடைக்கோணுமா?

சிரிப்பு வருது கண்ணு. என்ற புள்ளை மேக்னா கல்யாணத்துக்கு இன்னும் ஒம்பது நாள். நேத்துத்தான் முகூர்த்தக்கால் நட்டிருக்குது. கால் நட்ட ஊட்டுல சுத்தியல் சத்தம் கேக்கலாமா? ஆகாது… ரெண்டு மணி நேர வேலையா இருந்தாலும் ஆகாது… ஒரு டைல்ஸ்கூட ஆகாது. சாமி காரியம் பாரு, நானே நெனச்சாலும் முடியாது.

…ஆமா, கேக்குது. உன்ற பையன் ரித்விக் இருமறது கேக்காம என்ன? மூணு வயசுப் பையனுக்கு அத்தனை தொண்டை! மேளக்காரன் வாரதுக்கு முந்தியே இவன் கச்சேரியை ஆரம்பிச்சுட்டானேன்னு மேக்னாகூடச் சிரிச்சா.

…பூஞ்சைனாலயா? டாக்டர் சொன்னாரா? அவங்க எதையாச்சும் சொல்லுவாங்க. மூச்செளைப்பு உங்கம்மா ஊட்டுச் சொத்து கண்ணு. நகையை உங்கண்ணனுக்கு வெச்சுட்டு, உனக்கு அதைக் குடுத்து அனுப்பிட்டாங்க… அழுகாதே. அழுதா இன்னும் ஈரமாகும்.

…என்ன கேட்டே? எனக்கு மொதல்லயே தெரியுமாவா?… தெரியும். போன வருசமே பிளம்பர் சொல்லீட்டான். என்ற பக்கம் ஒரு சொட்டு எறங்கலையே, நான் எதுக்கு ஒடைக்கோணும்? பாகம் பிரிக்கறப்ப அந்தப் பக்கந்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னது ஆரு? காத்தோட்டமா இருக்குதுன்னியே. இருந்துக்க.

…என்ற கொழுந்தன் ரவிதேஜா எப்ப பெங்களூர்ல இருந்து வாரான்?… நாளான்னைக்கா. அப்ப ஒண்ணு பண்ணு. பையனைத் தூக்கிட்டுப் பல்லடத்துக்கு உங்கம்மா ஊட்டுக்குப் போயிரு. போறப்ப சாவியை மட்டும் குடுத்துட்டுப் போ. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களைத் தங்க வெக்கறதுக்கு ஆகும்… கருப்பா இருந்தா என்ன? மேல ஒரு கோட்டு பெயிண்ட் அடிச்சா ஆருக்குத் தெரியுது?

…ம்?… வின்ஸ்டன் கேக்கறாரா? அந்தச் செவுத்துல என்ற பக்கம் என்ன இருக்குதுன்னா? பாத்ரூமை ஒட்டினாப்பல அலமாரி இருக்குது, செவுத்தோட கட்டினது… தொறந்து பார்க்கோணுமா? அவர் சொன்னா நான் தொறந்தர்றதா?… சரி இரு, உன்ற திருப்திக்குப் பார்த்துச் சொல்றேன். மேக்னாவோட முகூர்த்தப்பட்டே அதுலதான் இருக்குது. எடுத்து வெச்சு ஒரு மாசமாச்சு, மடிப்புக் கலையோணுமா… சித்தெ இரு, சாவி எங்க… ஆமா, இப்ப இருமல் சத்தத்தையே காணோமே? தூங்கிட்டானாட்ட இருக்குது.

…

ஐயோ!

மேக்னா! மேக்னா, இங்க ஓடியா!… ஹாரிகா, லைன்ல இரு, வெச்சராதே… கருப்பாப் பூத்துக் கெடக்குது கண்ணு. பட்டு முழுக்க. மடிப்புக்குள்ளயெல்லாம்… ஜரிகை மேல வெள்ளையாப் பஞ்சாட்ட… தொட்டாக் கையில ஒட்டுது… அந்த வின்ஸ்டனை ஒடனே அனுப்பு. டைல்ஸை ஒடைக்கட்டும். செவுத்தையே இடிக்கட்டும்… கால் நட்டதா? அட அதெல்லாம் சாமி ஒண்ணும் சொல்லாது. அனுப்பு கண்ணு, இது மேக்னா வாழ்க்கை…

…என்ன கார்க் கதவுச் சத்தம்?… எங்க கெளம்பீட்டே?… ஆஸ்பத்திரிக்கா?… ரித்விக்குக்கு ஒதடு நீலமாயிருச்சா… எதுல போறே? அவர் கார்லயா? அவரேவா ஓட்டறாரு?

ஏனுங்க ஹாரிகா அம்மணி, சித்தெ நில்லுங்க. நான் சொல்றதைக் கேளுங்க… அவரை மட்டும் கீழ எறங்கச் சொல்லுங்க… பையனுக்கு முக்குல ஆட்டோ கெடைக்குமுங்க… ஹாரிகா… ஹலோ… ஹலோ…