நெற்றியில் விழுந்த வெள்ளைக் கோடுகள்

சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலை ஏறும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்ற போட்டோ ஸ்டுடியோக்காரர் அவரிடம் குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

“உங்க பையன் போட்டோவுல குறுக்கால வெள்ளைக் கோடா விழுந்துருச்சுங்க. பிரிண்டர்ல மை வர்ற ஓட்டை அடைச்சுக்கிச்சு. இப்பக் கழுவிட்டேன், வேற போட்டுத் தாரேனுங்க.”

“வேண்டாஞ் சாமி. பொண்ணூட்டுல அதப் பாத்துட்டு, நெத்தி நெறையத் திருநீறு பூசற பையன்னு ஒத்துக்கிட்டாங்க.”

“கோடு சட்டையிலயும் இருக்குதுங்களே?”

“கோடு போட்ட சட்டைன்னு சொல்லிட்டேன்.”

“பையன் கோயிலுக்குப் போவானுங்களா?”

“ஒயின்ஷாப்புக்குப் போகவே அவனுக்கு நேரம் பத்தறதில்ல.”

இறங்கும்போது அம்மாள் திரும்பிச் சொன்னார்:

“கல்யாணப் போட்டோவும் நீதான் புடிக்கோணும். அந்த ஓட்டைய மறுபடி அடைச்சு வையி, சாமி.”